வன்னியில் 19ஆம் நூற்றாண்டு மூதாதையரைத் தேடுவது எப்படி: பூட்டனார் முதல் குடும்பப் பெயர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தேடலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது கடவுச்சீட்டில் இருக்கும் குடும்பப் பெயரைத்தான். அதை இணையத்தில் போட்டுப் பார்க்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை. காரணம் எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னிப் பகுதித் தமிழரின் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். மாறாமல் கிடப்பவை வயல், வளவு, குளம், கோயில் கடமை. ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் காணியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பெயர் அந்த வழியில் வந்து சேரும்.

கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். நேரே கொழும்புக்குப் போய், பழைய அரச ஆவணங்கள் உள்ள சுவடிக்கூடத்தில் உட்காருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே என்ன கேட்பது என்று தெரிய, முதல் ஐந்தாறு படிகளும் முடிந்திருக்க வேண்டும்.

1. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பாட்டன் பாட்டியின் இறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகள். வீட்டில் எந்தக் காணி உறுதி (காணிப் பத்திரம்) இருந்தாலும் அதன் பிரதி. குடும்பத்தில் யாராவது இறந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகங்கள்.

இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்பார்கள். உண்மைதான், 2009க்குள் வன்னியில் பல வீடுகள் ஒரு காகிதம்கூட மிஞ்சாமல் இழந்தன. ஆனால் கல்வெட்டுகள் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தவை. உங்கள் வீட்டில் இல்லாதது கொழும்பிலோ கனடாவிலோ ஓர் உறவினர் அலுமாரியில் இருக்கும். நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலும் ஊர் மலர்களும் நினைவு மலர்களும் ஏராளமாக ஏற்றப்பட்டுள்ளன. கல்வெட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள வம்சாவளியைத் தனியே பிரதி எடுங்கள். ஆனால் துக்க வீட்டில் அவசரமாக எழுதியது அது. கிட்டிய இரண்டு தலைமுறைகளை நம்பலாம், அதற்கு மேலே உள்ளதைத் தேடலுக்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு முடிவு எடுங்கள்: தேடப் போவது யாரை? 'எங்கள் பரம்பரையை' என்றால் முடியாது. அப்பப்பாவின் தகப்பனா, அம்மம்மாவின் தாயா, ஓர் ஆளைச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஓர் ஆள்.

2. அவர் அப்போது வன்னியில்தான் இருந்தாரா?

இதைக் கேட்காமல் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இன்று கிளிநொச்சியில் இருப்பவர்களில் பெரும்பகுதியினரின் பூட்டனார் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தவர். இரணைமடுக் குளமும் அதைச் சுற்றிய குடியேற்றங்களும் 20ஆம் நூற்றாண்டின் வேலை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள பல குடும்பங்கள் 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவை. அவர்களின் 1800கள் தோட்டப் பதிவுகளிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடும்பமானால் கீழே உள்ள முறை பொருந்தும், இடம் மட்டும் மாறும். மலையகக் குடும்பமானால் காணி உறுதி பற்றிய படிகள் பெரும்பாலும் பொருந்தாது.

பழைய வன்னிக் குடும்பம் என்று உறுதியானால் இன்றைய மாவட்ட எல்லைகளை மறந்துவிடுங்கள். கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் இறுதியில். தென்னமரவாடி ஒரு காலத்தில் வன்னிப் பற்றுகளில் (பழைய நிர்வாகப் பிரிவுகளில்) ஒன்று, இன்று திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1800களின் ஆவணங்கள் பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, செட்டிகுளம் என்ற பழைய பிரிவுகளின்படியே எழுதப்பட்டவை. உங்கள் ஊர் எந்தப் பற்றுக்குள் இருந்தது என்பதை ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாகாணமும் மாறியிருக்கிறது: அனுராதபுரப் பக்கம் 1873 வரை வட மாகாணத்துக்குள் இருந்தது. வவுனியாவுக்குத் தெற்கே உறவு உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

3. வயதானவர்களிடம் எப்படிக் கேட்பது

'அப்பப்பா எந்த ஆண்டு பிறந்தவர்?' என்று கேட்டால் 'ஆருக்குத் தெரியும்' என்றுதான் பதில் வரும். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது (1905) அவர் கலியாணம் முடித்திருந்தாரா? தலைமன்னார்ப் பாதை போட்டபோது (1914) பிள்ளைகள் இருந்தார்களா? 1964 சூறாவளிக்கு முன் இறந்தாரா, பின்னா? இப்படி இரண்டு மூன்று முளை அடித்தால் பிறந்த ஆண்டு ஒரு பத்து ஆண்டு வட்டத்துக்குள் வந்துவிடும். பதிவகத்தில் தேடுவதற்கு அவ்வளவு போதும்.

அடுத்துக் கேட்க வேண்டியவை: எந்தக் குளத்தின் கீழ் வயல்? வளவின் பெயர் என்ன? எந்தக் கோயிலில் எந்தத் திருவிழா அல்லது பொங்கல் உங்கள் வீட்டுக்குரியது? வீட்டை ஊரில் எப்படிக் குறிப்பிடுவார்கள்? நிதானமாகக் கேளுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். முக்கியமாக, தனியாக இருக்கும்போது ஒருமுறையும் சகோதரங்கள் கூடியிருக்கும்போது ஒருமுறையும் கேளுங்கள். கூடியிருக்கும்போது ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். சாதி, இரண்டாம் தாரம், வளர்ப்புப் பிள்ளை பற்றிய உண்மை தனிமையில்தான் வரும். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாதீர்கள், சொன்னதை அவர்கள் அனுமதியின்றி வெளியிடாதீர்கள்.

4. சான்றிதழ்களில் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் தொடங்கியது, கட்டாயமானது 1897இல். காட்டுக் கிராமங்களில் அதற்குப் பிறகும் பல பிள்ளைகள் பதியப்படவில்லை. ஆகவே 1880இல் பிறந்த பூட்டனாரின் பிறப்புப் பதிவை நேரே தேடிப் போகாதீர்கள். அவருடைய பிள்ளைகளின் பதிவுகளையும் அவருடைய இறப்புப் பதிவையும் முதலில் எடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. 1950களுக்குப் பின் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கும். பிரஜாவுரிமைச் சட்டத்துக்காக வந்த கூடு அது. 1955இல் பிறந்த உங்கள் தகப்பனாரின் சான்றிதழில் அந்தக் கூட்டில் '1889, ஒட்டுசுட்டான்' என்று எழுதியிருந்தால், ஒரே காகிதத்தில் 19ஆம் நூற்றாண்டுக்குள் போய்விட்டீர்கள். தகப்பனார் பதிவு சரியாக இல்லாவிட்டால் அவருடைய சகோதரங்கள் எல்லோருடையதையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டு கொஞ்சம் வித்தியாசப்படும், ஊர் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முதலில் கேளுங்கள். அங்கே புத்தகம் அழிந்திருந்தால் மனம் விட வேண்டாம், பதிவுகளுக்கு இரட்டைப் பிரதி உண்டு, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மற்றப் பிரதியைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டு வரம்பும் பதிவுப் பிரிவும் கொடுக்க வேண்டும். மூன்றாம் படியில் அடித்த முளைகள் இங்கேதான் உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். இறப்புப் பதிவில் 60, 70, 80 என்று முழு எண்ணில் வயது இருந்தால் அது அறிவித்தவரின் மதிப்பீடு, பத்து ஆண்டு முன்பின் வைத்துத் தேடுங்கள். இன்னொன்று, பழைய பிறப்புப் பதிவில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று கண்டு சிலர் அதிர்ந்துபோகிறார்கள். அதிர வேண்டியதில்லை. ஊர் முறைப்படி தாலி கட்டி, கூறை உடுத்து, சீதனம் கொடுத்துச் செய்த கலியாணம்தான். பதிவாளரிடம் பதியவில்லை, அவ்வளவே.

5. பெயருக்கு ஒரு தாள்

ஓர் ஆளின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கந்தன், கந்தர், கந்தையா, கந்தப்பர், கந்தப்பிள்ளை ஐந்தும் ஒரே ஆளாக இருக்கலாம். இளமையில் கந்தன், காணி வாங்கியபோது கந்தர், பேரப்பிள்ளையின் சான்றிதழில் கந்தப்பிள்ளை. வயதும் மதிப்பும் ஏற ஏறப் பெயரின் வாலும் மாறும்.

பெயரின் ஒழுங்கையும் கவனியுங்கள். 'கதிரர் வேலர்' என்றால் கதிரரின் மகன் வேலர். ஆங்கில ஆவணத்திலும் அதே ஒழுங்குதான். பின்னால் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு வேலர் குடும்பத்தைத் தேடினால் தவறான வீட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைக்கும் வழக்கத்தால் கதிரர் வேலர், வேலர் கதிரர், மறுபடி கதிரர் வேலர் என்று வரும். ஐம்பது ஆண்டு இடைவெளியில் உள்ள இரண்டு வேலர்களை ஒருவராக ஆக்கிவிடுவது எளிது. பெயர் கிடைக்கும்போதெல்லாம் மனைவி பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேரனும் பாட்டனும் ஒரே பெயரில் இருந்தாலும் மனைவியர் வேறு.

6. உறுதி: இந்தத் தேடலின் முதுகெலும்பு

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்றாயிற்று. பிறப்பே பதியப்படாத காலத்திலும் காணி பதியப்பட்டது. அதனால்தான் காணியைப் பின்தொடரச் சொல்கிறேன்.

ஓர் உறுதியை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு, முள்ளியவளைப் பக்கத்து உறுதி ஒன்றில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'கதிரர் வேலர் ஆகிய நான், என் தாயார் சீதனத்தால் எனக்கு உரித்தான மருதடிவளவு என்னும் காணியை... எல்லை: கிழக்கு கதிரர் சின்னர் காணி, வடக்கு குளக்கட்டு, மேற்கு ஒழுங்கை, தெற்கு வினாசியர் பெண் வள்ளிப்பிள்ளை காணி.'

விற்றவர் பெயரோடு நின்றுவிடுகிறார்கள் புதியவர்கள். அதைவிட மற்றவைதான் முக்கியம். தாயார் சீதனம் என்பதால் இந்தக் காணி வேலரின் தாய்வழிச் சொத்து. கதிரர் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவராக இருக்கக்கூடும். தகப்பன் வழியைத் தேட வேறு ஊருக்குப் போக வேண்டி வரலாம். கிழக்கு எல்லையில் உள்ள 'கதிரர் சின்னர்' பெரும்பாலும் வேலரின் சகோதரம், ஒரே காணி பங்கு பிரிந்ததால்தான் பக்கத்தில் வருகிறார். தெற்கு எல்லை வள்ளிப்பிள்ளை தாய்வழிச் சொந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே கையெழுத்திட்ட சாட்சிகளையும் விடாதீர்கள், அவர்களில் ஒருவர் பல நேரங்களில் மைத்துனரோ மருமகனோ.

வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது), தேடிய தேட்டம் (தாமே தேடிக்கொண்டது) என்று பிரிக்கிறது. உறுதியில் இந்த மூன்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதுசம் என்றால் தகப்பன் வழியில் போங்கள், சீதனம் என்றால் தாய் வழியில். தேடிய தேட்டம் என்றால் அந்த ஆளோடு காணியின் கதை தொடங்குகிறது, யாரிடம் வாங்கினார் என்று பாருங்கள். சீதன உறுதி கிடைத்தால் அது கலியாணப் பதிவுக்குச் சமம். மகள், மருமகன், இருவீட்டுப் பெற்றோர் எல்லோரும் ஒரே தாளில் இருப்பார்கள்.

உறுதி முந்திய உறுதியின் இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். அங்கே கேட்கும்போது ஆளின் பெயரை விட, காணியின் பெயர், ஊர், பரப்பளவு ஆகியவற்றை முன்னால் வையுங்கள்.

வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே நிலம் பெரும்பகுதி அரசுடையது. உங்கள் குடும்பம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியானால், அந்தப் பத்திரம் 1800களுக்குப் போகாது. அப்போது குடும்பத்தின் பழைய வயலைக் கேட்டறியுங்கள், சின்னஞ்சிறு பங்கானாலும் சரி. 19ஆம் நூற்றாண்டில் அரசிடம் விலைக்கு வாங்கிய நிலமானால் ஆங்கிலத்தில் ஓர் அரச உறுதியும் நில அளவைப் படமும் இருக்கும், படத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. சாதக ஓலையும் பழைய எழுத்தும்

பழைய பெட்டிகளில் ஏட்டில் எழுதிய சாதகக் குறிப்பு கிடைத்தால் அது பிறப்புச் சான்றிதழைவிட நம்பகமானது. பிறந்த வேளையை ஒட்டிக் கணித்தது அது. ஆண்டு, மாதம், நட்சத்திரம் எல்லாம் இருக்கும்.

சிக்கல் அறுபது ஆண்டுச் சுழற்சி. ஆண்டின் பெயர் விகிர்தி என்று இருந்தால் 1890ஆகவும் இருக்கலாம், 1830ஆகவும் இருக்கலாம். சாலிவாகன சகாப்த ஆண்டு எழுதியிருந்தால் 78ஐக் கூட்டுங்கள், சகம் 1812 என்றால் 1890. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும்.

ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது. வாசிக்கத் தெரிந்த பழைய வைத்தியரையோ சோதிடரையோ பிடியுங்கள். மஞ்சள், எண்ணெய் பூசி நீங்களே 'சுத்தம்' செய்யாதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

8. கோயிலும் பங்கும்

சைவக் கோயில்களில் பிறப்பு, கலியாணப் புத்தகம் இருக்காது. ஆனால் கடமை இருக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசி விசாகப் பொங்கலில் பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் போன்ற சடங்குகள் வழிவழியாகச் செய்யப்படுகின்றன. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடமையோ உபயமோ இருந்தால், யாருக்குப் பின் யார் செய்தார்கள் என்ற வரிசையைக் கோயிலில் கேளுங்கள். அந்த வரிசை பல இடங்களில் வம்சாவளியேதான்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வழி எளிது. பங்குத் தேவாலயப் புத்தகங்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றும் இருக்கும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் கிட்டிய சொந்தம். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது, எனவே பழையதற்கு யாழ்ப்பாண ஆயர் இல்லத்திலும் கேளுங்கள். பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கலாம்: சூசை அங்கே யோசேப்புஸ்.

9. இப்போது கொழும்புக்குப் போகலாம்

தேசிய சுவடிகள் கூடம் கொழும்பு 7இல் இருக்கிறது. போகுமுன் ஒரு தாளில் ஐந்து விடயங்கள்: பெயரின் எல்லா வடிவங்களும், ஊர், பற்று, ஆண்டு வரம்பு, எந்த வகை ஆவணம்.

வகைகள் இவை. வட மாகாண அரசாங்க அதிபரின் கச்சேரி (மாவட்ட அரச அலுவலக) கடிதங்கள், முல்லைத்தீவு, வவுனியா உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், அரச வர்த்தமானி. 1802இல் தொடங்கிய வர்த்தமானியில் அரச காணி விற்பனை, நியமனம், மரணசாசன வழக்கு அறிவித்தல்கள் வரும். உங்கள் ஆள் உடையார், விதானை, மணியகாரர் என்று உத்தியோகம் பார்த்தவரானால் நியமன அறிவித்தல்களிலிருந்து தொடங்குங்கள். கமக்காரரானால் நெல்வரிப் பதிவுகளைக் கேளுங்கள், அந்த வரி 1892இல் நீக்கப்பட்டது. 1848இன் தெருச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வேலை செய்ய வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும். அந்த இடாப்பு எங்காவது மிஞ்சியிருந்தால் சாதாரண ஆளின் பெயர் கிடைக்கும் அரிய இடம் அது.

முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அதில் பெயர் தேடி நேரம் போக்காதீர்கள். அச்சில் உள்ளவை எண்ணிக்கைகள் மட்டுமே. ஊர் அப்போது எப்படி இருந்தது என்று அறிய, ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலைப் பாருங்கள். அவர் அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். இலண்டனில் இருப்பவர்கள் அங்கே கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற தொடரைக் கேட்டால் இலங்கை ஆளுநர்களின் கடிதங்கள் கிடைக்கும்.

10. குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுவரை சேர்த்ததில்தான் விடை இருக்கிறது. உங்கள் பெயரை முதலில் தாங்கியவர் யார், எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில்? அதைக் கண்டுபிடித்தால் போதும்.

பலருக்கு விடை கிட்டத்திலேயே இருக்கும். புலம்பெயர்ந்தபோது கடவுச்சீட்டில் பின்பெயர் கேட்டார்கள், தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள், அது அப்படியே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் பெயரின் மூலம் உங்கள் அப்பப்பா. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சிலருக்கு அது உத்தியோகமோ தொழிலோ: உடையார், விதானையார், பரியாரியார், அண்ணாவியார், சம்மாட்டி. இரண்டு ஆவணங்களில் ஒரே ஆளுக்கு அந்தப் பட்டம் வந்தால் நம்புங்கள். கரையோரக் கத்தோலிக்கரின் குரூஸ், பர்னாந்து போன்றவை போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள். அவற்றை வைத்துப் போர்த்துக்கேய இரத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

வன்னியசிங்கம், குலசேகரம் போன்ற பெயர் இருப்பதால் வன்னியர் (பழைய வன்னிச் சிற்றரசர்) வழி என்று சொல்பவர்கள் பலர். பெருமைக்காகப் பிள்ளைக்கு வைத்த பெயராகவும் இருக்கலாம். ஆவணம் இல்லாமல் எழுதாதீர்கள். எல்லோருடைய பூட்டனாரும் முதலியார் என்ற அரச பட்டம் பெற்றவராக இருந்திருக்க முடியாது. வட மாகாணத்தில் 1844 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது, அந்த மக்களின் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். காடு வெட்டி, குளம் திருத்தி, காய்ச்சலோடு வயல் விதைத்த ஒருவரை அவருடைய சரியான பெயரோடு கண்டுபிடிப்பது, இல்லாத ஒரு முதலியாரைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய காரியம் என்பது என் உறுதியான எண்ணம்.

11. எழுதி வைப்பது, வழி அடைபட்டால் செய்வது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'ஆவணம்', 'வாய்ச்சொல்', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இதைச் செய்யாதவர்களின் ஊகம் பத்து ஆண்டில் குடும்ப வரலாறாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வாய்ச்சொல் என்றால் யார் சொன்னது, எப்போது, அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஆவணங்களின் படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் ஊரிலும் வெளியிலும் உள்ள இரண்டு மூன்று உறவினரிடம் கொடுங்கள்.

ஓரிடத்தில் வழி அடைபடும். அப்போது அதே ஆளைத் திரும்பத் திரும்பத் தேடாமல் அவருடைய சகோதரிமாரைத் தேடுங்கள். பெண்களுக்குக் காணி சீதனமாகப் போனதால் பழைய உறுதிகள் அவர்களின் பிள்ளைகள் வீட்டிலேயே அதிகம் தங்கியிருக்கின்றன. அந்த வீடுகள் வேறு ஊரில், வேறு பெயரில் இருக்கும். மச்சான் மச்சாள் முறையில் ஒரு பக்கத்துச் சொந்தத்தையும் விடாமல் பட்டியல் எழுதி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'அந்தக் குளத்து வயலின் பழைய உறுதி ஆரிட்ட இருக்கு?'